நிற்கிற கப்பலைத் தின்பது எது?

1817 அக்டோபர் 12 அன்று மும்பையின் வாடியா கப்பல் கட்டும் தளத்திலிருந்து ஒரு போர்க்கப்பல் கடலில் இறங்கியது. மலபார்க் காட்டுத் தேக்கில் செய்த கப்பல். கட்டியவர் ஜாம்செட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சி. பிரிட்டிஷ் கடற்படை அதற்கு வைத்த பெயர் டிரிங்கோமலி, அதாவது நம் திருகோணமலை. இங்கிலாந்தின் ஹார்ட்லிபூல் நகரத்தில் அந்தக் கப்பல் இன்றும் தண்ணீரில் மிதந்தபடி நிற்கிறது. பிரிட்டனில் இன்னும் மிதக்கும் போர்க்கப்பல்களில் மிகப் பழையது அதுதான்.

இன்னொரு கப்பல். 1945இல் இங்கிலாந்தில் கடலில் இறங்கியது, முழுக்க எஃகு. 1961இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்து விக்ராந்த் ஆனது. 1971 போரில் அதன் தளத்திலிருந்து கிளம்பிய விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. 1997இல் ஓய்வு பெற்று, 2001 முதல் மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. பார்வையாளர்களுக்குப் பாதுகாப்பில்லை என்று 2012இல் கதவைச் சாத்தினார்கள். 2014இல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். அதன் உலோகத்தில் கொஞ்சம் பஜாஜ் நிறுவனத்தின் ஒரு மோட்டார் சைக்கிளுக்குள் போய்ச் சேர்ந்தது.

மரம் 200 ஆண்டுகளைத் தாண்டி மிதக்கிறது. எஃகு 70 ஆண்டுகளைத் தொடவில்லை. இது எப்படி?

தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கடற்கரையோர வீட்டின் ஜன்னல் கம்பி சில ஆண்டுகளிலேயே செதில் செதிலாக உதிர்கிறது. அதே உப்புக்காற்றில், அதே உப்புத் தண்ணீரில், பழைய துறைமுகத்து மரத் தோணி ஒன்று தலைமுறை கடந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறது. இரும்பைவிட மரம் உறுதி என்று இதற்குப் பொருளா? அப்படிச் சொன்னால் தோணி கட்டும் எந்த ஓடாவியும் ஒப்புக்கொள்ள மாட்டார். மரத்துக்கும் ஒரு எதிரி உண்டு. அது இரும்பின் எதிரியைவிட வேகமாகத் தின்னக்கூடியது.

மரத்தைத் தின்னும் சிப்பி

முத்துச் சிப்பிக்கும் இந்த எதிரிக்கும் உறவு உண்டு. கப்பல் புழு என்பார்கள். ஆனால் அது புழு அல்ல. இரண்டு ஓடு கொண்ட சிப்பி இனம். முத்துச் சிப்பி தன் ஓடுகளுக்குள் உடம்பை ஒளித்துக்கொள்ளும். கப்பல் புழுவின் ஓடுகளோ சிறுத்துத் தலைப்பக்கம் ஒதுங்கி, அரமாக மாறிவிட்டன. உடம்பு நீண்டு மெலிந்து கிடக்கும். ஓட்டை அசைத்து அசைத்து மரத்தைச் சுரண்டும். சுரண்டிய தூளைச் செரிக்க, செவுளில் வாழும் நுண்ணுயிர்கள் உதவுகின்றன. துளைத்துக்கொண்டே போகும்போது பின்னால் சுண்ணாம்பால் சுவர் பூசிக்கொள்ளும். தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கம் தோண்டிய மார்க் புருனெல், தன் தோண்டும் கருவிக்கு இந்தச் சிப்பியிடம்தான் யோசனை பெற்றார்.

இதில் ஆபத்து எது என்றால், வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. குஞ்சாக இருக்கும்போது ஊசித்துளை அளவு வாசலில் நுழையும். பிறகு உள்ளேயே வளரும், உள்ளேயே தின்னும். பலகையின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். மிதித்தால் கால் உள்ளே போகும்.

கப்பல் புழுவுக்கு உப்பு வேண்டும். 1628இல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலேயே மூழ்கிய வாசா என்ற போர்க்கப்பல், 333 ஆண்டுகள் கழித்து 1961இல் ஏறக்குறைய முழுசாக மேலே வந்தது. பால்டிக் கடலில் உப்பு குறைவு. அதற்கு அங்கே வாழ்வில்லை. மன்னார் வளைகுடாவில் அந்தச் சலுகை கிடையாது. மழை குறைவு, வெயில் அதிகம், தண்ணீர் கரிக்கும். தூத்துக்குடிக்கு உப்பளங்களைக் கொடுத்த அதே கடல்தான் கப்பல் புழுவுக்கும் விருந்து வைக்கிறது.

அப்படியானால் திருகோணமலைக் கப்பல் தப்பியது எப்படி? முதலில், தேக்கு. அதன் எண்ணெயும் பிசினும் துளைக்கும் உயிர்களை முழுதாகத் தடுக்காவிட்டாலும் தயங்க வைக்கும். அடுத்தது எனக்கு மிகப் பிடித்த காரணம். ஐரோப்பியர் கப்பலுக்குப் பயன்படுத்திய ஓக் மரத்தில் ஒரு துவர்ப்பு அமிலம் உண்டு. அது மரத்துக்குள் அறைந்த இரும்பு ஆணிகளையே அரித்துவிடும். தேக்கின் எண்ணெய் அதே ஆணிகளைக் காக்கும். மரம் கெடாவிட்டாலும் ஆணி கெட்டால் கப்பல் பிரியும் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

மூன்றாவது காரணம் மரத்தில் இல்லை, கட்டிய முறையில் இருக்கிறது. மரக்கப்பல் தனித்தனிப் பலகைகளால் ஆனது. ஒன்று கெட்டால் அதை மட்டும் கழற்றி வேறு பலகை வைக்கலாம். தூத்துக்குடித் தோணிகள் வாழ்வதும் இப்படித்தான். தென்மேற்குக் காற்று கடுமையாக அடிக்கும் மாதங்களில் தோணி கடலுக்குப் போகாது. அப்போது ஓடாவிகள் பலகை பலகையாகத் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல பலகை ஒரு சத்தம் தரும், உள்ளே கூடான பலகை வேறு சத்தம் தரும். பலகை இடுக்குகளில் பழைய பஞ்சைப் பிடுங்கிப் புதுப் பஞ்சை உளியால் அடித்து இறுக்குவார்கள். கலப்பத்து என்பது அந்த வேலைதான். அதன் மேல் குங்கிலியமும் எண்ணெயும் ஏறும். இந்தத் தட்டிப் பார்ப்பது நின்றுபோன தோணி சில பருவங்களுக்குள் விறகாகிவிடும்.

இரும்புக்கு எதிரி காற்று

எஃகுக் கப்பலைத் தின்ன உயிர் எதுவும் வர வேண்டியதில்லை. இரும்பு என்பதே மண்ணிலிருந்து வலுக்கட்டாயமாகப் பிரித்தெடுத்த பொருள். உலைச் சூட்டில் அதன் ஆக்சிஜனைப் பிடுங்கினோம். வாய்ப்புக் கிடைத்தால் அது மறுபடி ஆக்சிஜனோடு சேர்ந்து மண்ணாகிவிடும். துரு என்பது அந்தத் திரும்பும் பயணம். அதற்கு இரண்டும் வேண்டும்: தண்ணீர், காற்றிலுள்ள ஆக்சிஜன். உப்பு மூன்றாவதாக வந்து, தண்ணீரில் மின்சாரம் எளிதாக ஓட வழி செய்து, வேகத்தைக் கூட்டுகிறது.

இதை மனதில் வைத்து ஒரு கப்பலை மேலும் கீழுமாகப் பாருங்கள். ஆழத்தில் தண்ணீர் நிறைய, ஆக்சிஜன் கொஞ்சம். மேல்தளத்தில் ஆக்சிஜன் நிறைய, தண்ணீர் எப்போதாவது. இடையில், தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே, அலை அடித்து நனைப்பதும் வெயில் காய்வதும் மாறி மாறி நடக்கும் ஒரு பட்டை உண்டு. அங்கே இரண்டும் தாராளம். காயும்போது உப்பு இன்னும் அடர்த்தியாகும். இதைத் தெறிப்பு மண்டலம் என்று வைத்துக்கொள்வோம். முழுக்க மூழ்கிய எஃகு ஆண்டுக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் தேயும் என்றால், தெறிப்பு மண்டலத்தில் அதைப் போலப் பல மடங்கு தேயும். பாலத்தின் தூண், படகுத்துறையின் கம்பம், எதைப் பார்த்தாலும் அந்தப் பட்டைதான் முதலில் இளைத்திருக்கும்.

இதையெல்லாம் அளந்து பார்க்கத் தூத்துக்குடியிலேயே ஓர் இடம் இருக்கிறது. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாம் சிக்ரி என்று சொல்வது, துறைமுகப் பகுதியில் ஒரு கடல்சார் மையம் நடத்துகிறது. வெதுவெதுப்பும் கரிப்பும் கூடிய இந்தக் கடல் இரும்புக்குக் கடுமையான பரீட்சைக்கூடம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவான நிறுவனத்தின் வேலை, வ.உ.சி. கப்பல் ஓட்டிய ஊரில் வந்து முடிவது எனக்கு நிறைவு தரும் விஷயம்.

கொச்சியில் கட்டிய கப்பலும் டேவியும்

இரும்பைக் காக்கும் வழி ஒரு மரக்கப்பலில்தான் முதலில் சோதிக்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் கடற்படை தன் மரக்கப்பல்களின் அடிப்பாகத்துக்குச் செம்புத் தகடு போர்த்தத் தொடங்கியது. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அந்தக் கரைசல் நஞ்சு. கப்பல் புழுவும் வராது, பாறையிலும் கப்பல் அடியிலும் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசும் வராது. ஆனால் கரைந்துகொண்டே போனால் தகடு தீர்ந்துவிடும். விலையுயர்ந்த செம்பு இப்படிக் கடலில் போவதைத் தடுக்க, வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியிடம் கடற்படை யோசனை கேட்டது.

1824இல் டேவி சொன்ன வழி எளிது. செம்போடு துத்தநாகத்தையோ இரும்பையோ தொடுமாறு பொருத்தி வையுங்கள். செம்புக்குப் பதில் அது கரையும். இரண்டு உலோகம் ஒன்றையொன்று தொட்டபடி உப்புத் தண்ணீரில் கிடந்தால், எளிதில் கரைகிற உலோகம் தானே கரைந்து மற்றதைக் காக்கும். டார்ச் பேட்டரிக்குள் துத்தநாகக் குவளை கரைந்து மின்சாரம் தருவதும் இதே செயல்தான். தன்னைக் கொடுத்துப் பிறிதைக் காக்கும் அந்த உலோகத்தைப் பலி உலோகம் என்று அழைக்கலாம்.

சமராங் என்ற போர்க்கப்பலில் வார்ப்பிரும்புத் துண்டுகளைப் பொருத்திச் சோதித்தார்கள். அந்தக் கப்பல் 1822இல் கொச்சியில் கட்டப்பட்டது. அட்லாண்டிக்கைக் கடந்து நோவா ஸ்கோஷியா போய்த் திரும்பியபோது செம்பு கெடாமல் இருந்தது. வெற்றி என்றுதான் தோன்றியது. ஆனால் துறைமுகங்களில் சும்மா நின்ற கப்பல்களில் வேறு நடந்தது. செம்பு கரையவில்லை, ஆகவே நஞ்சும் இல்லை. கொட்டலசும் பாசியும் அடியை மூடிவிட்டன. 1825இல் கடற்படை அந்தத் துண்டுகளைக் கழற்றச் சொல்லிவிட்டது.

டேவிக்கு அது பெரிய அடி. ஆனால் நமக்கு அதில் இரண்டு பாடம் இருக்கிறது. பலி உலோகம் வேலை செய்கிறது. நிற்கிற கப்பலும் ஓடுகிற கப்பலும் ஒன்றல்ல. ஓடும் கப்பலின் மேல் தண்ணீர் விரைந்து போவதால் ஒட்டுயிர்களின் குஞ்சுகளுக்கு உட்கார நேரம் கிடைப்பதில்லை. நிற்கும் கப்பலில் அவை குடியேறுகின்றன. பிற்காலத்தில் எஃகுக் கப்பல் வந்தபோது டேவியின் யோசனை மறுபடி எழுந்தது. காக்க வேண்டியது இப்போது செம்பு அல்ல, எஃகு. இன்று தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் எஃகு விசைப்படகு எதையாவது மேட்டில் ஏற்றும்போது அடியைப் பாருங்கள். சாம்பல் நிறக் கட்டிகள் பற்றவைத்திருக்கும்.

ஒரு கப்பலுக்குக் கணக்குப் போடுவோம்

ஓய்வு பெற்ற ஒரு சிறிய போர்க்கப்பல் நம் கையில் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். தண்ணீருக்குள் இருக்கும் பரப்பு 1,000 சதுர மீட்டர். தகட்டின் கனம் 10 மில்லிமீட்டர். பழைய துறைமுகத்தில் கட்டி, மக்கள் பார்க்கத் திறந்துவிட்டோம்.

முதலில், ஒன்றுமே செய்யாமல் விட்டால்? பெயிண்டும் போய், ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் வீதம் தேய்ந்தால், ஒவ்வொரு சதுர மீட்டரும் முக்கால் கிலோவுக்குச் சற்று அதிகமாக இழக்கும். மொத்தத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 கிலோ இரும்பு கடலுக்குப் போகும். பயமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பரப்பின் தகடு மொத்தம் 78 டன் எடை. 800 கிலோ என்பது நூற்றில் ஒரு பங்கு. அப்படியே போனாலும் 100 ஆண்டு தாங்குமே?

தாங்காது. கப்பல் சராசரியால் மூழ்குவதில்லை, ஓட்டையால் மூழ்குகிறது. அரிப்பு ஒரே சீராக நடப்பதே இல்லை. கொட்டலசு ஒட்டியதன் அடியில் ஆக்சிஜன் குறையும், சுற்றிலும் கூடும். அந்த ஏற்றத்தாழ்வே ஒரு சிறிய மின்கலம். குறைந்த இடம் குழியாகும். பற்றவைத்த விளிம்பு, பெயிண்ட் கீறிய இடம், சேறு படிந்த மூலை, எல்லாம் இப்படித்தான். மற்ற இடம் ஒரு மில்லிமீட்டர் தேய்வதற்குள் ஒரு குழி ஆறு, ஏழு மில்லிமீட்டர் ஆழம் போய்விடும்.

இப்போது பலி உலோகத்தைக் கொண்டுவருவோம். மொட்டையான எஃகை முழுதாகக் காக்க ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 100 மில்லிஆம்பியர் மின்னோட்டம் தேவை. நல்ல பெயிண்ட் இருந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு போதும். அதாவது நம் கப்பலுக்கு மொத்தம் 10 ஆம்பியர். ஒரு ஆம்பியரை ஓராண்டு முழுதும் தர, துத்தநாகம் சுமார் 11 கிலோ கரைய வேண்டும். ஆக, ஆண்டுக்கு 110 கிலோ. ஐந்து ஆண்டுக்கு 550 கிலோ. 10 கிலோ கட்டிகளாக வைத்தால் 55 கட்டி.

பெயிண்ட் உரிந்து, தேவை மூன்று மடங்கானால்? ஐந்து ஆண்டுக்கென வைத்த 55 கட்டியும் இரண்டு ஆண்டு முடிவதற்குள் தீர்ந்துவிடும். மேலே நின்று பார்க்கிறவருக்கு அது தெரியாது. கொடி பறக்கும், பீரங்கி பளபளக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக ஏறி இறங்குவார்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து தகடு தானே பலியாகத் தொடங்கியிருக்கும். முக்குளிப்பவர் ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறங்கிக் கட்டிகளைத் தொட்டுப் பார்த்துச் சொன்னால் போதும், இதைத் தடுக்கலாம். முத்துக்குளித்த கரையில் அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை.

துத்தநாகத்தால் முடியாதது

பலி உலோகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அது தண்ணீர் வழியாகத்தான் மின்னோட்டம் அனுப்ப முடியும். தண்ணீருக்கு மேலே அதற்குக் கை நீளாது. ஆகவே மிகக் கடுமையாக அரிக்கும் தெறிப்பு மண்டலத்துக்கு அதனால் பெரிய உதவி இல்லை. மழைநீர் தேங்கும் மேல்தளமும், இரவில் உள்சுவர்களில் வியர்க்கும் ஈரம் வழிந்து சேரும் அடிக்கிடங்கும் அதன் காவலுக்கு வெளியேதான். பூட்டிய அறைகள் அதிகமுள்ள போர்க்கப்பல் பல நேரம் உள்ளிருந்து வெளியேதான் ஓட்டையாகிறது.

இந்த இடத்தில்தான் மனிதர்கள் தேவைப்படுகிறார்கள். துருவைச் சுத்தியலால் தட்டி உதிர்த்து, பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை தேய்த்து, அன்றைக்கே முதல் பூச்சு பூச வேண்டும்; ஓர் இரவு தாமதித்தால் உப்புக்காற்று மறுபடி துருவேற்றிவிடும். வடிகாலில் அடைத்த குப்பையை எடுப்பது, அடிக்கிடங்கின் தண்ணீரை இறைப்பது, கதவுகளைத் திறந்து காற்றோட்டம் விடுவது, மீயொலிக் கருவியால் தகட்டின் கனத்தைக் கட்டம் கட்டமாக அளந்து நோட்டில் எழுதுவது என்று நீளும் வேலை இது. மாலுமிகள் கப்பல் ஓடிய காலத்தில் தினமும் செய்த அதே வேலைதான். நூற்றுக்கணக்கான பேர் செய்ததை ஓய்வுக்குப் பிறகு யார் செய்வது? சம்பளம் கொடுத்தே எல்லாவற்றையும் செய்யப் பல அருங்காட்சியகங்களால் முடிவதில்லை. அதனால்தான் உலகமெங்கும் பல அருங்காட்சியகக் கப்பல்கள் தன்னார்வலர்களை நம்பி நிற்கின்றன. பெரும்பாலும் ஓய்வு பெற்ற கடற்படையினர், பற்றவைப்பவர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள்.

திருகோணமலைக் கப்பலை 1897இல் உடைக்க விற்றார்கள். தனி ஒருவர் அதை வாங்கிப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக் கப்பலாக்கினார். 1986 வரை அந்தப் பணி தொடர்ந்தது. 1987இல் ஹார்ட்லிபூலுக்குக் கொண்டுவந்து தொடங்கிய சீரமைப்பு 2001இல்தான் முடிந்தது. அதற்கென ஒரு நண்பர்கள் சங்கம் இன்றும் இருக்கிறது. பணம் மட்டும் அதைக் காக்கவில்லை. ஒவ்வொரு காலத்திலும் அதன் மேல் யாரோ நடமாடிக்கொண்டே இருந்தார்கள். கெட்ட பலகை உடனே கண்ணில் பட்டது.

விசாகப்பட்டினத்தில் குர்சுரா நீர்மூழ்கியை 2002இல் கடற்கரை மணலில் ஏற்றி வைத்தார்கள். ஓய்வு பெற்ற கடற்படையினர் வழிகாட்டிகளாக நின்று தங்கள் கப்பலைத் தாங்களே விளக்குகிறார்கள். தண்ணீரை விட்டு வெளியே வந்ததால் மூழ்கும் அச்சம் இல்லை. ஆனால் பலி உலோகத்தின் காவலும் இல்லை. கடல் தெறிக்கும் தூரத்தில் முழு உடம்பும் உப்புக்காற்றில் நிற்கிறது. சில ஆண்டுகளிலேயே அரித்த தகடுகளுக்குப் பதில் புதுத் தகடு வைக்க வேண்டி வந்தது. அதே வகையைச் சேர்ந்த வாக்லி 2010இல் ஓய்வு பெற்றபோது, அதை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக்கத் தமிழ்நாடு அரசு திட்டமிட்டது. அது நடக்காமல் போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. விக்ராந்த் அளவுள்ள கப்பலுக்கு அடிப்பாகத்தைப் பார்க்கவே பெரிய டிரை டாக் வேண்டும். நீர்மூழ்கி நம்மால் தாங்கக்கூடிய அளவு.

தூத்துக்குடியில் எதை நிறுத்தலாம்

வ.உ.சி. ஓட்டிய காலியா, லாவோ என்ற கப்பல்கள் நம்மிடம் இல்லை. ஆனால் தோணி இருக்கிறது. என் கருத்தில் இந்த ஊர் முதலில் காக்க வேண்டியது ஒரு மரத் தோணியைத்தான். தண்ணீரிலேயே நிறுத்தி, ஆண்டுக்கொரு முறை மேட்டில் ஏற்றிக் கலப்பத்துப் பார்த்து, அந்த வேலையை இளைஞர்கள் ஓடாவிகளிடம் நின்று கற்கும்படி வைக்கலாம். செலவு பெரும்பாலும் மரமும் பஞ்சும் கூலியும்தான். தோணி அழிந்தால் இன்னொன்று கட்டலாம். தட்டிப் பார்த்துச் சத்தத்தில் கண்டுபிடிக்கும் ஆள் இல்லாமல் போனால், இருக்கிற தோணியையும் காக்க முடியாது.

மரத்தையும் இரும்பையும் கடல் தின்பதை நேரில் பார்க்கக் கப்பல் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். 1977 முதல் இந்த ஊரில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. சிக்ரி மையம் இருக்கிறது. உரியவர்களிடம் அனுமதி வாங்கி, ஒரே அளவில் மாம்பலகை ஒன்று, தேக்குப் பலகை ஒன்று, பெயிண்ட் அடிக்காத இரும்புத் தகடு இரண்டு, அவற்றில் ஒன்றோடு மட்டும் திருகிய துத்தநாகத் துண்டு, இவ்வளவையும் நைலான் கயிற்றில் கட்டிப் படகுத்துறையிலிருந்து தண்ணீரில் தொங்கவிடுங்கள். தொங்கவிடும் முன் ஒவ்வொன்றையும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை தூக்கிப் பார்த்து, என்ன ஒட்டியிருக்கிறது என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துத் துருவையும் கொட்டலசையும் சுரண்டிவிட்டு மறுபடி எடை போடுங்கள். பிறகு இரண்டு பலகைகளையும் நீளவாக்கில் பிளந்து பாருங்கள்.